‘இல்லை’ என்னும் லேபலும் ‘உண்டு’ என்னும் லேபலும்

கண்டி நகரத்துச் சுப்பர்மார்க்கெட் ஒன்றில் இரண்டு பொதிகளை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்த பாஸ்தா. முன்பக்கத்திலேயே ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓரத்தில் கோதுமைக் கதிரின் குறுக்கே கோடு இழுத்த சின்ன முத்திரை ஒன்றும் இருக்கும். மற்றது நம் நாட்டு பிஸ்கட். அதைத் திருப்பினால், சேர்மானப் பட்டியல் முடிகிற இடத்தில், கோதுமை, பால், சோயா அடங்கியது என்று பொடி எழுத்தில் ஒரு வரி தெரியும். முதல் லேபல் ஒன்று இல்லை என்று உறுதி தருகிறது. இரண்டாவது, ஒன்று உண்டு என்று எச்சரிக்கிறது.

சீலியாக் நோயுள்ளவருக்கு இரண்டும் வேண்டியவைதான். ஆனால் உலகம் முழுக்கப் பேச்சும் விளம்பரமும் பணமும் முதல் லேபலைச் சுற்றியே ஓடுகின்றன. கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள மலைத் தோட்டங்களிலும் வாழ்கிற ஒரு நோயாளிக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல, நோயிலிருந்தே தொடங்க வேண்டும்.

சீலியாக் நோயைப் பலர் ஒவ்வாமை என்று நினைக்கிறார்கள். அது தன்னெதிர்ப்பு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனதும் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உட்சுவரில் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. சாப்பாட்டிலுள்ள இரும்பும் கல்சியமும் விற்றமின்களும் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடுகின்றன. சிலருக்கு ஓயாத வயிற்றோட்டம், வயிறு ஊதல். சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. எத்தனை இரும்பு மாத்திரை விழுங்கினாலும் தீராத இரத்தச்சோகை மட்டும் இருக்கும். குழந்தைகள் வளராமல் நின்றுபோவார்கள். இதற்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. ஆயுள் முழுக்கக் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவதுதான் முழுச் சிகிச்சையும். எது சாப்பிடலாம், எது கூடாது என்று நோயாளிக்குத் தெரிவிக்கிற லேபல், ஆகவே, வைத்தியத்தின் ஒரு பகுதி.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு உலகத்துக்குத் தெரிந்து நெடுங்காலம் ஆகவில்லை. நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் காரெல் டிக்கே போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்திருந்தார். 1944-45 குளிர்காலத்தில் நாடு பட்டினி கிடந்தபோது ரொட்டி கிடைக்கவில்லை. மற்றக் குழந்தைகள் மெலிந்துகொண்டிருக்க, அவரிடம் சிகிச்சை பெற்ற சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அதே குழந்தைகள் மீண்டும் நோயில் விழுந்தார்கள். கோதுமையின் தீங்கை அளந்து எழுதிய அவருடைய ஆய்வேடு 1950 இல் வெளிவந்தது. அதற்கு முன்பு வாழைப்பழம் மட்டும் கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றப் பார்த்த வைத்தியர்களும் இருந்தார்கள்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், சோறு சாப்பிடுகிற நமக்கு வராது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. வைத்தியர்களிடமும் அது நெடுநாள் இருந்தது. இந்த எண்ணத்தைச் சரியான இடத்தில் கேள்வி கேட்டது, சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் இணைந்தவர்களும் இந்தியாவில் செய்து 2016 இல் வெளியிட்ட ஆய்வு. 23,000 க்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரிடமும் தென்னிந்தியாவில் 0.10 பேரிடமும் இருந்தது. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகை இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானவர்களிடம் இருந்தது. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் தென்னிந்தியரின் உடலில் இந்த நோய்க்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை, கோதுமை குறைவாக இருந்ததே பாதுகாப்பாக இருந்திருக்கலாம் என்பதை அந்த எண்கள் பலமாகச் சொல்கின்றன.

இப்போது அதே தென்னிந்தியரை மலைக்கு அழைத்து வாருங்கள்.

கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன் கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது அரிசிச் சாப்பாட்டுப் பழக்கம். இரண்டாம் உலகப் போரில், 1942 இல், பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது. அந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. போர் முடிந்த பிறகும் போகவில்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. 1980 முதல் திருகோணமலையில் பிரீமா ஆலை அதை மலைமலையாக அரைக்கிறது. இன்று தெல்தோட்டையிலோ கலஹாவிலோ பன்விலையிலோ தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றுக்குள் காலையில் போனால் ரொட்டி சுடும் மணம் வரும். கோதுமை மா, உப்பு, தண்ணீர், வசதி இருந்த அன்றைக்குத் தேங்காய்ப்பூ. காலையில் அதுதான். மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் பெரும்பாலும் அதுதான். 2022 ஜனவரியில் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தபோது தோட்டக் குடும்பங்களுக்கு என்று ஒதுக்கியது என்ன? கிலோ 80 ரூபா வீதம் மாதம் 15 கிலோ கோதுமை மா. மலையகத்தின் முதல் உணவு எது என்பதை அரசே அந்த அறிவிப்பில் சொல்லிவிட்டது.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை அவசியம். 2016 இன் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3, தோட்டத்துறையில் 31.7. இந்தப் பெரிய இடைவெளிக்கு வறுமையும் சம்பளமும் குடிநீரும் மலசலகூடமும் தாயின் ஊட்டமும் காரணங்கள். சீலியாக் நோயை அதற்குக் காரணமாக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் இத்தனை பேர் இருக்கிற இடத்தில், நாளுக்கு இருவேளை கோதுமை சாப்பிடுகிற இடத்தில், குளூட்டனால் வாடுகிற ஒரு குழந்தை கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துபோவது மிக எளிது. குடும்பநல மாது கிளினிக்கில் நிறுத்துப் பதிவேட்டில் கோடு இழுக்கும்போது, எல்லாக் கோடும் கீழேதான் போகிறது என்றால் ஒரு கோட்டை மட்டும் யார் தனியாகப் பார்ப்பார்கள்?

மரபணு தமிழ்நாட்டிலும் இங்கேயும் ஒன்றாகவே இருக்கும், கோதுமை இங்கே தட்டு நிறைய. இந்த நிலையில் இரண்டு லேபலையும் ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

‘இல்லை’ என்னும் லேபலின் பலம் அதற்குப் பின்னால் இருக்கும் எண். உலக உணவு விதிகளை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு குளூட்டன் ஃப்ரீ உணவுக்கான தரத்தை முதலில் 1979 இல் வகுத்து, 2008 இல் திருத்தியது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது அந்தத் திருத்தம். ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அமெரிக்காவும் இதே 20 ஐ எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் அது 2014 ஓகஸ்டில் கட்டாயமானது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கடுமை: பரிசோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது.

இந்த 20 எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இத்தாலியில் கார்லோ கற்றாசியும் குழுவினரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குத் தொண்ணூறு நாள் தினமும் சிறு அளவு குளூட்டன் கொடுத்துக் குடலைப் பரிசோதித்தார்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் போனவர்களின் சடைமுளைகள் தேயத் தொடங்கின. 50 மில்லிகிராம் எவ்வளவு? ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் உண்டு. அந்தத் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு துணுக்கு. பாண் வெட்டிய பலகையில் மிஞ்சிக் கிடக்கிற தூள் அவ்வளவு வரும். மறுபக்கம், கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் உள்ள மாவை ஒருவர் நாளெல்லாம் அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் உள்ளே போகும். கணக்கு நோயாளியின் பக்கம் நிற்கிறது. நான் இந்த லேபலை மதிப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல எண்ணத்தில் ‘இதில் கோதுமை இல்லை’ என்று சொல்வதற்கும், அளந்து பார்த்து ‘இல்லை’ என்று சொல்வதற்கும் உள்ள தூரம் பெரியது.

அந்தத் தூரத்தைக் காட்ட ஓர் ஆய்வு போதும். அமெரிக்காவில் ட்ரிஷா தொம்சனும் உடனாய்வாளர்களும் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் கடையில் வாங்கிய 22 தானியப் பொதிகளைச் சோதித்தார்கள். தினை வகை, அரிசி, சோயா மா என்று எல்லாமே இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. ஆனால் குளூட்டன் ஃப்ரீ என்று லேபல் ஒட்டாதவை. அவற்றில் 7 பொதிகளில் குளூட்டன் 20 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருந்தது. வயலில், லொறியில், ஆலையில், எங்கோ ஓரிடத்தில் கோதுமையோடு உரசியிருக்கிறது. சேர்மானப் பட்டியலில் ‘தினை’ என்று ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தாலும் அது போதாது என்று இந்த ஆய்வு சொல்கிறது. ‘உண்டு’ லேபலால் இதைப் பிடிக்கவே முடியாது. தெரிந்து போட்டதை அது சொல்லும், தெரியாமல் விழுந்ததைச் சொல்லாது. ‘கோதுமை கலந்திருக்கக்கூடும்’ என்ற வரியைச் சில நிறுவனங்கள் தாமாகப் போடுகின்றன. போடாதவர்களின் ஆலை சுத்தம் என்று அதற்குப் பொருள் இல்லை.

இவ்வளவு பலம் இருந்தும் ‘இல்லை’ லேபல் கண்டியில் ஏன் தோற்கிறது? முதற்காரணம் விலை. ஒரு சிறு பொதி குளூட்டன் ஃப்ரீ பாஸ்தாவின் விலைக்கு ஒரு குடும்பம் பல நாள் சாப்பிடுகிற அரிசி வாங்கலாம். கொழுந்து பறிக்கிற ஒரு தாயின் நாட்சம்பளத்தை அந்தப் பொதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. இரண்டாவது, அந்தப் பொதிகள் வைத்திருக்கும் உணவு நம் உணவே இல்லை. பாஸ்தா, கிறக்கர், கேக் கலவை, காலைச் சீரியல் எல்லாம் கோதுமையைத் தின்று பழகிய நாட்டவர் இழந்ததை ஈடுசெய்யச் செய்தவை. கண்டியில் ஒருவர் இழப்பது ரொட்டியையும் பாணையும் கொத்தையும். அந்த இடத்தை நிரப்பக்கூடியவை சந்தையில் லேபல் இல்லாமலே கிடக்கின்றன: சிவப்பரிசி, குரக்கன், உழுந்து, பயறு, மரவள்ளி, பலாக்காய், ஈரப்பலா, கண்டி மலைக்கே உரிய கித்துள் மா. கித்துள் மாவில் காய்ச்சிய கஞ்சியை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பெட்டியில் அடைத்துக் குளூட்டன் ஃப்ரீ என்று விற்றால் நாம் வியந்து வாங்குவோம். இங்கே அது கிராமத்துப் பெண்கள் சிறு பைகளில் கட்டி விற்கிற சாமான்.

ஆக, கண்டி நோயாளி நல்லதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது அரிசிச் சாக்கிலேயே இருக்கிறது. அவர் செய்ய வேண்டிய வேலை, கெட்டது எதில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அது ஒளிந்திருக்கும் இடங்களோ ஏராளம்.

வைத்தியர் ‘கோதுமை கூடாது’ என்று சொல்லி அனுப்புகிறார். அம்மா கோதுமை மாவை நிறுத்திவிட்டு ரவை உப்புமா கிண்டுகிறார். ரவையும் கோதுமைதான் என்று யாரும் சொல்லவில்லை. சேமியா, நூடில்ஸ், ரஸ்க் எல்லாம் அதே கதை. கட்லட்டின் மேலே தூவிய தூள் ரஸ்க் தூள். சோயா சோஸில் பொதுவாகக் கோதுமை சேர்கிறது. டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மா சேர்ப்பது வழக்கம். ஆகவே மரக்கறிச் சாம்பாரும் பாதுகாப்பு இல்லை. பிறகு மோல்ட் பானங்கள். நோய்வாய்ப்பட்ட பிள்ளைக்குச் சத்துக்காக நாம் முதலில் வாங்குவது ஒரு போத்தல் ஹோர்லிக்ஸ் அல்லது ஒரு பைக்கற் நெஸ்டமோல்ட். மோல்ட் என்பது முளைக்கவைத்த பார்லி. இளைத்துப்போன சீலியாக் குழந்தையை இளைக்கவைத்த அதே புரதத்தை, அன்போடு, சூடான பாலில் கலந்து இரவில் கொடுக்கிறோம். இந்த ஓர் உதாரணமே ‘உண்டு’ லேபலின் தேவையை எனக்கு முழுதாக உணர்த்துகிறது. குளூட்டன் ஃப்ரீ முத்திரை உள்ள பாஸ்தாவைத் தட்டில் எத்தனை அடுக்கினாலும் இந்தக் கோப்பைப் பாலைத் தடுக்க முடியாது. போத்தலின் மேல் ‘பார்லி, கோதுமை: குளூட்டன் உண்டு’ என்று பளிச்சென்று ஒரு வரி தடுக்கும்.

அந்த வரியைச் சட்டம் எப்படி எழுதச் சொல்கிறது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அமெரிக்கா 2004 இல் கொண்டுவந்த ஒவ்வாமைச் சட்டம் கோதுமையை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டது. பார்லியும் ரையும் வெளியே நின்றன. அங்கே ‘கோதுமை அடங்கியது’ என்ற வரி இல்லாத பொதியிலும் பார்லி மோல்ட் இருக்கலாம். கோடெக்ஸின் பொது லேபல் தரமும் ஐரோப்பிய விதியும் ‘குளூட்டன் உள்ள தானியங்கள்’ என்று ஒரு குடும்பமாக எடுத்துக் கோதுமை, ரை, பார்லி எல்லாவற்றையும் சொல்லச் சொல்கின்றன. ஐரோப்பாவில் 2014 டிசம்பரிலிருந்து சேர்மானப் பட்டியலுக்குள்ளேயே அந்தப் பெயர்களைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்ட வேண்டும். கண் பட்டியலில் ஓடும்போதே தட்டுப்படும். ஒவ்வாமைக்காரரை மட்டும் மனதில் வைத்து எழுதிய சட்டத்துக்கும் சீலியாக் நோயாளியையும் நினைத்து எழுதிய சட்டத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் பார்லி என்ற ஒரு தானியத்தில் தெரிந்துவிடுகிறது.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் லேபல் ஒழுங்குவிதிகள் 2005 இலும் பின்னர் 2022 இலும் வந்தன. ஆனால் நோயாளி படிப்பது வர்த்தமானியை அல்ல, கையிலிருக்கும் பொதியை. கண்டிக் கடைத்தட்டில் பொதிகளைத் திருப்பிப் பார்த்தால், பொருளின் பெயர் மூன்று மொழியிலும் பெரிதாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்ற பகுதிக்கு வரும்போது எழுத்து அரிசியளவில் சுருங்கும். ஒவ்வாமை வரி பல பொதிகளில் ஆங்கிலத்தில் மட்டும். பையின் மடிப்பு ஒட்டும் இடத்தில் அது அச்சாகி, வெப்பத்தில் ஒட்டியபோது பாதி எழுத்து உள்ளே போயிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் படித்த பேராதனை ஆசிரியருக்கு அந்த வரி உதவும். புசல்லாவையிலிருந்து பஸ் ஏறிவந்து பிள்ளைக்குச் சாமான் வாங்குகிற பாட்டிக்கு அது வெறும் புள்ளிகள்.

வாசிக்கத் தெரியாதவருக்கும் லேபல் பேச முடியும் என்பதை இந்த நாடே செய்து காட்டியிருக்கிறது. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிற வட்டம் வந்தது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 இலிருந்து 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. பள்ளிக்கூடப் பிள்ளைகளே சிவப்பைக் காட்டிப் பேசினார்கள். சீனி எல்லோருக்கும் பிரச்சினை, குளூட்டன் சிலருக்கு என்பது உண்மை. ஆனால் வட்டம் அச்சிட முடிந்த நிறுவனங்களுக்கு ஒரு கதிர்ப் படமும் இரு மொழியில் ஒரு சொல்லும் அச்சிடுவது புதிதாகச் செலவு வைக்காது. ‘இல்லை’ என்று சொல்ல ஆய்வுகூடம் வேண்டும், தனி இயந்திரம் வேண்டும், ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கப் பணம் வேண்டும். ‘உண்டு’ என்று சொல்லத் தன் பொருளில் தான் என்ன போட்டேன் என்று தெரிந்திருந்தால் போதும்.

பொதியைவிட்டு வெளியே வந்தால் இரண்டு லேபலும் கைவிட்டுவிடுகிற பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது: கடைச் சாப்பாடு. இங்கேதான் கண்டி நோயாளி அதிகம் ஏமாறுவார், ஏனென்றால் பார்வைக்கு எல்லாம் அரிசி.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆவி பறக்கும் வெள்ளை இடியப்பத்தைப் பார்த்துக் கேட்டேன்:

“அண்ணே, இது அரிசி மாவுதானே?”

“அரிசி மாதான் அக்கா. பிஞ்சி போகாம இருக்கக் கொஞ்சம் கோதும மா சேப்போம். செவப்பு எடுங்களேன், அது தனி அரிசி.”

பின்னாலிருந்து இன்னொருவர் குரல் கொடுத்தார்: “இல்லண்ணே, இன்னைக்குச் செவப்புலயும் போட்டிருக்கு.”

இருவரும் ஒளிக்கவில்லை. கேட்டதும் சொன்னார்கள், தவறையும் அங்கேயே திருத்தினார்கள். கேட்காத ஒருவர் அன்றைக்குச் சிவப்பு இடியப்பத்தை நம்பிச் சாப்பிட்டிருப்பார். நம் வீடுகளிலும் அவித்த கோதுமை மாவை அரித்து அரிசி மாவோடு கலந்து பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் குழைப்பது தலைமுறைப் பழக்கம். தோசைக்கு உழுந்தோடு கோதுமை மா கரைப்பவர்கள் உண்டு. அப்ப மாவு பொங்கப் பாண் துண்டு ஊறப்போடுபவர்கள் உண்டு. உழுந்து வடை இறுகக் கைப்பிடி மா தூவுவார்கள். வடையைப் பொரிக்கும் அதே எண்ணெயில் அதற்கு முன் ரோல்ஸ் பொரிந்திருக்கும். கொத்து அடித்த கல்லிலேயே ‘சோற்றுக் கொத்து’ம் அடிப்பார்கள்.

மா அரைக்கிற மில்லுக்கும் இதே கேள்வி போகிறது. நம்மில் பலர் அரிசியையும் குரக்கனையும் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைக்கிறோம். எந்தப் பொதியையும்விட அது சுத்தம் என்ற நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் ஒருவர் ஆட்டா மாவுக்குக் கோதுமை கொண்டுவந்து அரைத்திருந்தால், கல்லிலும் துணிக்குழாயிலும் தங்கிய மா அடுத்தவரின் அரிசியோடு விழும். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் மில்காரரிடம் சொல்லிவைத்துக் காலையில் கல் சுத்தமாக இருக்கும்போது முதல் ஆளாக அரைக்கலாம். முதலில் விழும் ஒரு சுண்டு மாவை ஒதுக்கிவிடலாம். வீட்டில் அரிக்கும் சல்லடையும் இடியப்ப உரலும் தனியாக இருக்க வேண்டும். சல்லடைக் கண்ணில் ஒட்டிய கோதுமை மா கழுவினால் முழுக்கப் போவதில்லை.

கடைச் சாப்பாட்டுக்கு ‘இல்லை’ லேபலை இன்றைக்குக் கேட்பது நியாயம் இல்லை. ஒரே அடுப்பும் ஒரே கல்லும் உள்ள கடைக்காரரை 20 மில்லிகிராமுக்குப் பொறுப்பேற்கச் சொல்ல முடியாது. அவர் பொறுப்பில்லாமல் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதினால் அது எழுதாததைவிட ஆபத்து. ஆனால் ‘கோதுமை மா கலந்தது’ என்று இடியப்பத் தட்டின்மேல் சிங்களத்திலும் தமிழிலும் ஓர் அட்டை வைக்கலாம். கடைகளைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையற்கட்டின் சுத்தத்தோடு இந்த ஒரு கேள்வியையும் கேட்கப் பழகினால், ‘உண்டு’ லேபல் பொதிக்கு வெளியேயும் நடமாடத் தொடங்கும்.

‘இல்லை’ லேபலை ஒதுக்கிவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு இங்கே ஒரு நல்ல வேலை உண்டு, அது பாஸ்தாவில் இல்லை. இந்த நாட்டில் அரிசி மாவையும் குரக்கன் மாவையும் உழுத்தம் மாவையும் பொதி செய்து விற்கிற நிறுவனங்கள் பல. அவற்றில் ஒன்றாவது கோதுமை நுழையாத தனி வரிசையில் அரைத்து, சோதித்து, 20 மில்லிகிராமுக்குக் கீழே என்று முத்திரை குத்தினால், உள்ளூர் விலையில் ஒரு பாதுகாப்பான மா கிடைக்கும். முதலில் ‘உண்டு’ என்பது எல்லாப் பொதியிலும், பிறகு ‘இல்லை’ என்பது தேர்ந்த சில அடிப்படைச் சாமான்களில்: இந்த ஒழுங்கில் போனால்தான் லயத்துக் குழந்தைக்கும் நன்மை போய்ச் சேரும். இன்று நடப்பது தலைகீழாக இருக்கிறது. இறக்குமதிச் சொகுசில் முத்திரை இருக்கிறது, அன்றாடச் சாமானில் எச்சரிக்கை தெளிவில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும், அது வைத்தியத்தோடு நேராகத் தொடர்புடையது. ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற சொல் இப்போது உடம்புக்கு நல்லது என்ற பொதுவான அர்த்தத்தில் விற்பனையாகிறது. வயிறு ஊதுகிறது, களைப்பாக இருக்கிறது என்று ஒருவர் தானாகக் கோதுமையை நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து வைத்தியரிடம் போகிறார். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை தேடுவது குளூட்டன் உள்ளே போவதால் உடல் கிளப்பிய எதிர்ப்பொருளை. அடுத்து, உட்காட்டிக் குழாயைச் செலுத்திச் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது தேய்ந்த சடைமுளைகளை. கோதுமையை நிறுத்தியவருக்கு எதிர்ப்பொருள் குறைந்திருக்கும், சடைமுளைகள் தேறத் தொடங்கியிருக்கும். முடிவு ‘நோய் இல்லை’ என்று வந்துவிடக்கூடும். அவர் நிம்மதியாகப் பழையபடி பாண் சாப்பிடத் தொடங்குவார். ‘உண்டு’ லேபலுக்கு இந்த ஆபத்து கிடையாது. அது யாரையும் எதையும் நிறுத்தச் சொல்வதில்லை, உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது.

உங்கள் வீட்டில் வளர்ச்சி நின்ற குழந்தையோ, இரும்பு மாத்திரைக்கு அசையாத இரத்தச்சோகையோ, மாதக்கணக்கில் தீராத வயிற்றோட்டமோ இருந்தால், சீலியாக் நோயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று வைத்தியரிடம் கேளுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு அது உறுதியானால் பெற்றோரையும் சகோதரர்களையும் பரிசோதிக்க வேண்டும், அவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பரிசோதனைக்குக் குருதி எடுத்து, குடல் துணுக்கும் எடுத்து முடியும்வரை ரொட்டியையும் பாணையும் வழக்கம்போலச் சாப்பிடட்டும். பிறகு வைத்தியர் சொன்ன நாளிலிருந்து நிறுத்துங்கள். வீட்டிலுள்ள பெருங்காய டப்பாவையும் சோஸ் போத்தலையும் மோல்ட் பைக்கற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படியுங்கள்.